ஒன்பதாம் டேராவின் பழுப்புக் கோடுகள்

தை பிறந்து பத்தாம் நாள் காலையில் ஒன்பதாம் டேரா மலையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோடுகள் வந்து நின்றன. துணி காயப்போடும் கயிற்றின் பருமன். தொட்டால் நனைந்த சணல் மாதிரி இருந்தன. இழுத்தால் அசையவில்லை, வெட்டினால் அரிவாள்தான் மழுங்கியது. கடற்கரை மேட்டை ஒட்டி ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று வளைந்து வளைந்து மலையைச் சுற்றிக்கொண்டு மொத்தம் ஒன்பது கோடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முழ உயரத்தில் ஓர் எண். கீழ்க்கோட்டில் ஐம்பது, அடுத்ததில் நூறு, அப்புறம் நூற்றைம்பது, இப்படியே ஏறி உச்சிக்கோட்டில் நானூற்றைம்பது. இது என்ன, எங்கிருந்து வந்தது, இனி என்ன ஆகும் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கைக்கு எட்டிய கோட்டில் ஈரத்துணியைக் காயப்போட்டார்கள், கருவாட்டைத் தொங்கவிட்டார்கள், ஆட்டைக் கட்டினார்கள். மதியம் ஆவதற்குள் கோட்டில் நல்ல வெயில் படும் இடம் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டு ஒருவனுக்குப் பல் போனது.

கீழ்க்கரையில் தன் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அலங்காரம், "பன்னாடைப் பயலுக" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்க உள்ளே போனாள்.

ஒன்பதாம் டேரா வட அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு படகு வரும், கடல் சரியில்லாவிட்டால் அதுவும் வராது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக் கம்பெனி ராமநாதபுரத்தின் கண்மாய் வறண்ட ஊர்களிலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, காட்டுக்குள் வரிசையாகக் கூடாரம் அடித்து, கூடாரத்துக்கு டேரா என்று பேர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்தது. எட்டு டேராக்கள் காய்ச்சலில் கலைந்துபோயின, ஒன்பதாவது ஊராகிவிட்டது. வந்தவர்கள் வெட்டினார்கள். படாக் மரத்தை வெட்டினார்கள், குர்ஜன் மரத்தை வெட்டினார்கள், யானை இழுத்துத் தண்ணீரில் தள்ளிய கட்டைகளைத் தெப்பமாகக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பினார்கள், உச்சியில் மரம் தீர்ந்ததும் அடுத்த மலைக்கு ரோடு போடுவதற்காக இந்த மலையின் தலையை வெடி வைத்துச் சீவினார்கள், சீவியதுபோக மிச்சம் இருந்ததை ஏழெட்டு வருஷத்து மழை கரைத்துக் கடலில் சேர்த்தது. அத்தனையும் அவர்கள் கண்ணெதிரில் நடந்தது, அவர்கள் கையால் நடந்தது. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் எங்கள் மலை எங்கள் மலை என்றுதான் பேசுவார்கள், பாதி மலை போய்விட்டதே என்று ஒருவன் வாயிலிருந்தும் வராது.

இப்போது கோடுகள் வந்து அதைக் காட்டிக் கொடுத்துவிட்டன. கீழிருந்து ஐந்து கோடுகள் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போயின. மேலே நாலு கோடுகள், முந்நூறு முதல் நானூற்றைம்பது வரை, எதன் மீதும் படாமல் வெறும் ஆகாயத்தில் தொங்கின. அந்த உயரத்தில் தொடுவதற்கு மலை இல்லை.

அலங்காரத்துக்கு அந்த இல்லாத மலையை முழங்காலில் தெரியும். புருஷன் தெப்பத்தோடு கடலில் போன பிறகு பன்னிரண்டு வருஷம் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கஞ்சியும் துவையலும் ஆக்கித் தலைச்சுமையாக உச்சிக்குக் கொண்டுபோனவள் அவள். நூற்றைம்பதில் சும்மாட்டை மாற்றிக்கொள்வாள், இருநூற்றைம்பதில் சுமையை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், முந்நூற்றைம்பதில் மூச்சு வாங்கும், நானூறில் கடல் இரண்டு பக்கமும் தெரியும். அண்ணாந்து பார்த்தபோது கோடுகள் அந்தந்த இடத்தில் பிசகாமல் நின்றதை அவள் மட்டும் கண்டுகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற அளவுக்கு யாரையும் அவள் மதிக்கவில்லை.

கோடுகள் எங்கிருந்து வந்தன என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. படகுத்துறையை ஒட்டிக் காட்டிலாகா ஆபீஸ் இருந்தது. அதில் மிச்சமிருந்த ஒரே ஆள் குமாஸ்தா ஞானாதிக்கம். பீரோவைக் கரையான் பிடித்துவிட்டது என்று பழைய நில வரைபடம் ஒன்றை எடுத்து முற்றத்தில் வெயில் காட்டியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கோஷ்டி இங்கே வந்து, ஒரு வருஷம் அட்டைக் கடியிலும் காய்ச்சலிலும் கிடந்து, எந்த மரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எப்படிக் கீழே கொண்டுவரலாம் என்பதற்காக அளந்து வரைந்த படம் அது. சாயங்காலம் அவர் அதைச் சுருட்டி வைக்கப் போனபோது கடல் நீலமாக இருந்தது, காடு பச்சையாக இருந்தது, படகுத்துறை கறுப்பாக இருந்தது, மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் மட்டும் தாளில் இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு, அரசாங்கச் சொத்து காணாமல் போனதற்குத் தன்மேல் பழி வராதபடி, அவை காணாமல் போகவில்லை, மலைமேல் இருக்கின்றன என்று ஒரு கடிதம் எழுதிப் படகில் அனுப்பினார். எண்கள் என்ன என்று கேட்டவர்களிடம், கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயரம் என்பது அது என்றார்.

உயரம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. கடலைத் தாண்டி வரும்போது பாதிப் பேர் தங்கள் தெருவையும் கோயிலையும் எந்தக் குடம் யார் கிணறு என்ற கணக்கையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள், டேராவில் எல்லோரும் ஒரே அண்டாவில் தின்றதால் அதை மறுபடி எடுக்க வழியில்லாமல் நாற்பது வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கோடு வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் கட்டைகளை அடுக்கி வைத்திருந்த மேட்டுச் சமதளத்தில் வீடு கட்டியிருந்த பதினோரு குடும்பங்கள் இருநூற்றைம்பதுக்காரர்கள் ஆனார்கள். அவர்களுக்குக் கீழே இருநூறுக்காரர்கள், அவர்களுக்குக் கீழே நூற்றைம்பது, நூறு, எல்லோருக்கும் அடியில் கீழ்க்கரைப் பாறைமேல் குடியிருந்த ஐம்பதுக்காரர்கள். மாசியில் இருநூறு வீட்டில் இருநூற்றைம்பது கை நனைப்பதில்லை என்றாயிற்று. பங்குனியில் நூறுக்காரன் ஒருவன் நூற்றைம்பது வீட்டுப் பெண்ணைக் கேட்டதற்காகப் பஞ்சாயத்துக் கூடியது. ஆகாயத்தில் தொங்கிய நாலு கோடுகளில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்து, அது சாமிகளுக்கு என்று முடிவாகி, முந்நூறு அய்யனாருக்கும் நானூற்றைம்பது சிவனுக்கும் ஒதுக்கப்பட்டன. சிவனை அந்த உயரத்தில் காக்கையோடு உட்கார வைத்ததற்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அலங்காரத்தின் வீடு கீழ்க்கரைப் பாறையில் இருந்தது. ஐம்பதுக் கோடு அவள் வாசலை ஒட்டிப் போயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடலைப் பார்த்தபடி பழைய வலை கிடக்கும் ஒரு கொட்டகை. ஊரிலேயே கடைசி எண் அவளுடையது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, ஆகாயத்தில் இல்லாத மலையை வைத்துக்கொண்டு மீசை முறுக்குகிறவனைக் கண்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ஒரே மகள் தமயந்தி இருநூற்றைம்பதில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள்.

வைகாசியில் மழை தொடங்கியதும் அலங்காரம் மகளைப் பார்க்கப் போனாள். தமயந்தியின் கொல்லையில், அடுப்படிச் சுவரை ஒட்டி, இருநூற்றைம்பதுக் கோடு போனது. தை மாதத்தில் அவள் தோளுக்கு நேராக இருந்த கோடு அது, அதில்தான் துணி காயப்போடுவாள். இப்போது முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"எறங்குடி கீழ. மாசமா இருக்கவ முக்காலியில ஏறி நிக்கிறா."

"கோடு ஒசந்துருச்சும்மா," என்றாள் தமயந்தி. முகத்தில் ஒரு பெருமை. "எல்லா வீட்டுக் கோடும் அப்பிடியே கெடக்கு, எங்க கோடு மட்டும் மாசத்துக்கு ஒரு சாண் ஏறுது. அத்தை தெனமும் சூடம் காட்டுறாக."

அலங்காரம் குனிந்து தரையைப் பார்த்தாள். அடுப்படிச் சுவரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. கொல்லையில் ஊறும் ஊற்று செம்மண் நிறத்தில் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் வெட்டிய மரங்களின் வேர்கள் உள்ளே மக்கிப்போய், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், அந்த மேடு முழுவதும் பதினோரு வீடுகளையும் தூக்கிக்கொண்டு வடக்கே உப்பங்கழிப் பக்கம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கோடு அசையவில்லை. அது வெள்ளைக்காரன் அளந்த இடத்திலேயே நின்றது.

"கோடு ஏறலடி தமயந்தி. தரை எறங்குது. இந்த மேடு சரியப் போகுது. இப்பவே எங்கூட வா."

தமயந்தியின் மாமியார் சேதுபாக்கியம் சூடத்தட்டோடு வெளியே வந்தாள். கம்பெனிக் காலத்தில் அலங்காரத்தோடு ஒரே அடுப்பில் ஊதியவள். இப்போது பேசும்போது தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு பேசுவாள்.

"மதினிக்கு எங்க கோடு ஏறுனா வயிறு ஏன் எரியுது?" என்றாள்.

"எரியிறது வயிறு இல்ல மதினி, ஈரக்கொல. சரி, அத விடுங்க. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே. அதையும் இல்லங்கப் போறீகளா?"

"வளைகாப்பு தாராளமாப் போடலாம். இங்கயே போடலாம். கூட்டிட்டுப் போறதுதான் கஷ்டம்." சேதுபாக்கியம் கோட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். "எங்க வம்சத்துப் பிள்ள இருநூத்தம்பதுல பெறக்கணும். அம்பதுல போயிப் பெறந்தா நாளைக்கு அதுக்கு ஆரு பொண்ணு குடுப்பா?"

அலங்காரம் மருமகன் வழிவிட்டானைப் பார்த்தாள். நல்லவன், உழைப்பாளி, தாயின் முன்னால் வாய் திறக்காதவன். அவன் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. சுவத்துல விரிசல் தெரியுதா இல்லையா?"

"மழைக்கு விடுறதுதான் அத்தை," என்றான் வழிவிட்டான். "மண்ணு வச்சுப் பூசிருவேன்."

கீழே வந்தவள் நேராகக் காட்டிலாகா ஆபீசுக்குப் போனாள். மலை சரியப்போகிறது, மேலிடத்துக்கு எழுதி ஆட்களை இறக்குங்கள் என்றாள். ஞானாதிக்கம் பீரோவைத் திறந்து இன்னொரு வரைபடத்தை எடுத்து விரித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அச்சிட்டது. அதற்குப் பிறகும் ஒன்று அச்சாகியிருந்தது. யாரும் மலைப்பக்கம் கால் வைக்காமல் பழைய படத்தின் மேல் தாளை வைத்து அப்படியே இழுத்து, மூலையில் வருஷத்தை மட்டும் மாற்றிய படங்கள் அவை.

"பாரும்மா," என்று விரலை வைத்தார். "நானூத்தம்பது அடி மலை. முழுசா இருக்கு. இது போன தடவ வந்த படம். இதுக்கு மேல ஒனக்கு என்ன ஆதாரம் வேணும்?"

"ஜன்னல் வழியா ஒருக்கா எட்டிப் பாருங்க சார்."

"ஜன்னல் வழியா பாத்ததெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியாதும்மா," என்றார் ஞானாதிக்கம். அவர் கெட்டவர் இல்லை, இருபது வருஷமாக அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழகியவர்.

வளைகாப்பு மேட்டிலேயே நடந்தது. ஐம்பதுக்காரி என்பதால் பெற்ற தாய் கடைசியாக வளையல் போட்டாள். ஆனியில் தமயந்தி துணி காயப்போட மூங்கில் கழியை எடுத்தாள், ஆனிக் கடைசியில் கழிக்கும் கோடு எட்டவில்லை. இருநூற்றைம்பதுக்காரர்கள் கோட்டின் கீழே பந்தல் போட்டு, எங்கள் கோடு அய்யனார் கோட்டைத் தொடப் போகிறது என்று பொங்கல் வைத்தார்கள். பொங்கல் பானை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது, கல்லை அடைகொடுத்து நிமிர்த்தினார்கள். மண் தங்களுக்கடியில் போய்க்கொண்டிருப்பதைத் தாங்கள் உயர்வதாக நினைத்துக் குலவை போடுகிற ஒரு கூட்டத்துக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? அலங்காரம் ஒவ்வொரு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒருவன் காலில்கூட விழுந்தாள். அவர்கள் அவளுடைய எண்ணைப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவர்களிடம் உயிர் போகும் என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. மானம் போகும் என்று சொன்னால் எழுந்து ஓடுவார்கள்.

மறுநாள் படகு வரும் நாள்; ஊரே துறையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்றது. அலங்காரம் நடுவில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், பக்கத்திலிருந்த நூறுக்காரியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன்டி, பள்ளிக்கொடத்துல மொத ரேங்க் எடுத்தவன் ஒசத்தியா, அம்பதாவது ரேங்க் எடுத்தவன் ஒசத்தியா?"

"மொத ரேங்க்தான்."

"அப்ப அம்பதாவது எடுத்தவனும் எரநூத்தம்பதாவது எடுத்தவனும் நின்னா?"

நூறுக்காரி ஐம்பதுக் கோட்டைப் பார்த்தாள், பிறகு மேட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அரிசி வரிசையில் அந்தக் கேள்வி கையிலிருந்து கைக்குப் போகும் மூட்டை மாதிரி போயிற்று, போகப் போகப் பெருத்தது. கப்பலில் முதல் வகுப்பு உசத்தியா மூன்றாம் வகுப்பு உசத்தியா? வெள்ளைக்காரன் தான் இறங்கிய கரையிலிருந்து தன் கையால் எண்ணத் தொடங்கினானே, தனக்குப் பக்கத்தில் யாரை வைத்தான்? இருநூற்றைம்பதுக்காரர்களில் ஒரு கிழவர், உயரம் என்றால் உயரம்தானே என்று முனகினார். கடைசி ரேங்க் பேசாமல் நில்லும் என்று யாரோ சொன்னார்கள்.

கும்பலாக ஞானாதிக்கத்திடம் போனார்கள். ஆபீசும் அவர் குடியிருப்பும் ஐம்பதுக் கோட்டில் இருந்தன; சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரை ஐந்து மாதமாக இந்த ஊர் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரைபடத்தை விரித்து, நிதானமாகப் பார்த்தார்.

"சர்வே முறைப்படி எண்ணிக்கை கரையிலிருந்துதான் ஆரம்பிக்கும்," என்றார். "முதல்ல வர்றதுதான் முதல்."

நாலு நாளில் மலை காலியாயிற்று. ஐந்து மாதம் பாறைக்காரர்களின் நிழல் மேலே விழுந்தால் தலைமுழுகியவர்கள் அம்மியையும் ஆட்டுரலையும் கோழிக்கூண்டையும் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, ஐம்பதுக் கோட்டில் ஒரு கை அகல இடத்துக்காகக் கீழே பாய்ந்து வந்தார்கள். இருநூறுக்காரர்கள் நூற்றைம்பதில் நின்று இளைப்பாறக்கூட இல்லை, அங்கே நின்றதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? பாறையில் ஓலைக் குடிசைகள் ஒன்றோடொன்று ஒட்டி முளைத்தன. எல்லாருக்கும் முன்னால் சேதுபாக்கியம் வந்தாள்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் மதினி," என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி. "நம்ம வழக்கத்த விட முடியுமா?"

அலங்காரம் மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வயிறு தள்ளிய அந்தப் பெண் பாறைமேல் கால் வைத்த நிமிஷத்தில் அலங்காரம் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சேதுபாக்கியம், வழிவிட்டான், அவன் தம்பிகள் இரண்டு பேர், ஒரு நாத்தனார் என்று வீடு நிறைந்துவிட்டது, பிரசவத்துக்கு ஓர் அறை வேண்டும். அலங்காரம் தன் பாயை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வலைக்கொட்டகைக்குப் போனாள். சந்தோஷமாகத்தான் போனாள்.

அது அவள் செய்த தவறு. கோட்டுக்குக் கடல் பக்கத்தில் எண் ஏதும் கிடையாது. மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்க வந்தபோது ஒரு பெண், இவள் இப்போது எத்தனை என்று கேட்டாள். நேற்று வரை நூறில் இருந்தவள் அவள். யாருக்கும் பதில் தெரியவில்லை. பரீட்சையே எழுதாதவள் என்று ஒருத்தி சொன்னாள், அது எல்லாருக்கும் பிடித்துப்போனது, ஒரு ஊர் என்றால் அப்படி ஒருத்தியாவது இருக்கத்தானே வேண்டும். எழுதாதவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம், குடத்தையும் தனியாக வைக்கட்டும் என்றார்கள்.

அலங்காரத்துக்கு நாக்கு வரை வந்தது. ரேங்குமில்லை ஒரு மண்ணுமில்லை, நான் சொன்னது வாய்க்கு வந்த பொய் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மேடு இன்னும் சரியவில்லை. அவர்களுடைய வீடுகள் மேலே ஓட்டோடு நின்றன, பாக்குத் தோட்டம் நின்றது, வழிவிட்டான் தினமும் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கோட்டை அவள் ஒருமுறை அலட்சியமாகத் தாண்டினால், கோட்டில் ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால், மறுநாளே பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். ஆகவே அவள் குடத்தைத் தனியாக வைத்தாள். அந்தப் பன்னாடைகள் கீழேயே கிடப்பதற்காக, அவர்களிலும் கேடுகெட்ட ஒரு விதியைத் தானே கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

ஆடி ஆறாம் தேதி மத்தியானம் தமயந்திக்கு வலி எடுத்தது. அலங்காரம் தன் வீட்டு வாசலுக்கு வெளியே, கோட்டுக்கு அந்தப் பக்கம், மகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு மழையில் நின்றாள். மகள் அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை அலங்காரத்தின் கை கோட்டின் மேல் போய்த் திரும்பி வந்தது. பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சேதுபாக்கியம் அதைத் துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து, கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே நின்று காட்டினாள்.

"பாத்துக்கங்க மதினி. அம்பதுல பெறந்தவ. தொட வேணாம், என்ன?"

"வேணாம் மதினி," என்றாள் அலங்காரம். அவள் உயிருக்கு அது எத்தனை கனமாக இருந்தது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பன்னிரண்டு நாள் பார்வையாலேயே பேத்தியை வளர்த்தாள். பதின்மூன்றாம் நாள், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த பட்டப்பகலில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து பலகை கிழிவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாக்கு மரங்கள் முதலில் நடந்தன. அப்புறம் பதினோரு வீடுகளும் ஓடு கலையாமல், பந்தலோடு, பொங்கல் கல்லோடு, சபையிலிருந்து எழுந்து போகிறவர்களைப் போல வடக்கே நகர்ந்து, இருநூறு, நூற்றைம்பது, நூறு வீடுகளையும் அடிமண்ணோடு வாரிச் சேர்த்துக்கொண்டு, உப்பங்கழியில் போய் விழுந்தன. கழியின் சேறு தென்னை உயரத்துக்கு எழும்பி அடங்கியது. பாறை அசையவில்லை. மலை இருந்த இடத்தில் எட்டுக் கோடுகள் ஆகாயத்தில் தொங்கின, இருநூற்றைம்பதுக் கோட்டில் தமயந்தி மூங்கில் கழியால் எறிந்து மாட்டிய ஒரு பாவாடை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஊர் எச்சில் கையோடு நின்று பார்த்தது. கடைசியில் சேதுபாக்கியம்தான் பேசினாள்.

"கடைசி ரேங்க்கு நெலைக்குமா? நம்ம அம்பதுல இருந்ததால ஆச்சு."

ஆமாம் ஆமாம் என்றார்கள். சிலர் ஐம்பதுக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஞானாதிக்கம் ஆபீசுக்குள் போய், மலையில் மாற்றம் ஏதுமில்லை என்று எழுதலாமா கூடாதா என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் மேலே ஏறுவதற்கு இடமில்லை. அலங்காரம் கொட்டகையிலிருந்து வந்து கோட்டருகே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ரேங்க்னு நான் சொன்னது பொய். ஒங்கள எறக்குறதுக்காகச் சொன்ன பொய். அது அடிக்கணக்கு, அவ்வளவுதான். வெக்கங்கெட்டவுகளா, நாலு மாசமா தரை போறது தெரியாம சூடம் காட்டிக்கிட்டு இருந்தீக. இனியாச்சும் அந்தக் கோட்டத் துணி காயப்போட மட்டும் வச்சுக்கங்க."

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். கோபம்கூட இல்லை. எழுதாதவளுக்கு ரேங்க்கைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான், இரண்டு பேரும் மறுபடி சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்.

அலங்காரம் கோட்டைத் தூக்கிப் பிடிப்பது போலக் கையை வைத்துக் குனிந்து, அதன் அடியில் நுழைந்து, தன் வீட்டுக்குள் போனாள். தொட்டிலிலிருந்து பேத்தியை எடுத்தாள். பால் வாசனை, பன்னிரண்டு நாள் தூரத்திலிருந்தே பார்த்த அந்தச் சின்ன நெற்றி. மார்போடு அணைத்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து தமயந்தி வந்தாள். அம்மா கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள், அங்கே நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யம்மா, குடு," என்றாள் தாழ்ந்த குரலில். "ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும்டி. நான்தான ஒன்ன..."

"குடும்மா."

அவள் கொடுத்தாள். கொட்டகைக்குத் திரும்பிப் பாயில் உட்கார்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், மகள் சருவத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. காலையில் ஒருமுறை குளிப்பாட்டிய குழந்தையை இப்போது மறுபடி குளிப்பாட்டினாள்; தண்ணீர் விழ விழ அது வீறிட்டு அழுதது. மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறது, சேற்றுக்குள் போகாமல் பாறைமேல் இருக்கிறார்கள், இது போதும் என்று அலங்காரம் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். போதவில்லை.